ஆடியில் வாங்கின குதிரையும் ஐப்பசிப் புல்லும்

அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஆடி மாசம் குதிரை பிடித்து காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கம் கொண்டுவருகிறவர்கள் கொறங்காட்டை, அதாவது வேலி கட்டின மேய்ச்சல் காட்டை, நம்பித்தான் வாங்குகிறார்கள். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். மாடு என்றால் படலைத் திறந்து விட்டுவிட்டு நம்ம வேலையைப் பார்க்கலாம். குதிரையை அப்படி விடக்கூடாதுங்க. மாட்டுக்கு நார் செரிப்பது முன்வயிற்றில். குதிரைக்கு அது கடைசியில், குடலில் நடக்கிறது. அங்கே இருக்கிற நுண்ணுயிர்கள் பழகின தீவனத்துக்குத் தக்கபடி பெருகியிருக்கும். தீவனம் ஒரே நாளில் மாறினால் அதெல்லாம் நிலைகுலைந்து வாயு கட்டும். குதிரைக்கு வாந்தி எடுக்கவும் வராது. உள்ளே போனது போனதுதான்.

அதனால் விலை பேசி முடிக்கும்போதே விற்கிறவரிடம் என்ன தட்டு (காய்ந்த சோளத்தாள் மாதிரி தீவனம்), எவ்வளவு கொள்ளு, எந்த நேரம் என்று கேட்டு, அஞ்சாறு நாளைக்கான பழைய தீவனத்தையும் வண்டியில் ஏற்றிவிடணும். முதல் மூணு நாள் முக்கால் பங்கு பழசு, கால் பங்கு புதுசு. அடுத்த மூணு நாள் பாதிக்குப் பாதி. பத்துப் பன்னிரண்டு நாளில் முழுக்க நம்ம தீவனத்துக்கு வரலாம்.

வண்டியில் இருந்து இறங்கினதும் முதலில் தண்ணி. சில குதிரைகள் நம்ம போர்வெல் உப்புத்தண்ணியை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். வாய்க்கால் தண்ணியோ மழைத்தண்ணியோ பாதி கலந்து வைத்து, நாலஞ்சு நாளில் மாற்றணும். குடிக்காத குதிரைக்குக் காய்ந்த தட்டு குடலில் அடைத்துக்கொள்ளும். முதல் ரெண்டு நாள் கொள்ளு வேண்டவே வேண்டாம். தட்டை நறுக்கித் தண்ணி தெளித்து, தொட்டியில் போடாமல் தரையில் சுத்தமான சாக்கு விரித்துப் போடுங்க. வண்டியில் தலையைத் தூக்கிக் கட்டிக் கொண்டுவந்திருந்தால் மூச்சுக்குழாயில் சளி இறங்காமல் நின்றிருக்கும். தலை தாழ்ந்தால்தான் அது வெளியேறும். காய்ச்சலை மூணு நாளைக்குக் காலையும் மாலையும் பாருங்க: 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை சரி. அதைத் தாண்டினாலோ தாடைக்கு அடியில் கட்டி தென்பட்டாலோ டாக்டரைக் கூப்பிடணும். வீட்டில் வேறு குதிரை இருந்தால் மூணு வாரம் தனிக் கட்டுத்தறி, தனி வாளி. டெட்டனஸ் ஊசி போட்டதற்கு ஆதாரம் இல்லையென்றால் போடாத மாதிரியே வைத்துக்கொண்டு டாக்டரிடம் கேளுங்க.

எவ்வளவு போடுவது என்று கண்ணால் மதிப்பிட வேண்டாம். முன்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி டேப் வைத்து, தோள்முனையில் இருந்து பின்தொடை முனை வரை நீளமும் எடுங்க. சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ வரும். 150 செ.மீ. சுற்று, 140 நீளம் என்றால் ஏறக்குறைய 265 கிலோ. அதில் நூற்றுக்கு ரெண்டு, அதாவது அஞ்சு கிலோவுக்குச் சற்று மேலே, காய்ந்த தீவனம் ஒரு நாளைக்கு. தண்ணி இருபத்தஞ்சு லிட்டருக்குக் குறையாமல் எட்டும் இடத்தில் இருக்கணும்.

காட்டில் விடும் முன் கயிற்றில் பிடித்தே வேலியோரம் ரெண்டு சுற்று நடத்துங்க. கிளுவை கண்ணுக்குத் தெரியும். சந்து அடைக்கக் கட்டின முள்கம்பி தெரியாது. மிரண்ட குதிரை அதற்குள்தான் பாயும். கம்பியை எடுத்துவிட்டு மூங்கில் கட்டுங்க. முதல் நாள் காலையில் வெள்ளெனவே தட்டு தின்ன வைத்து, அரை மணி நேரம் மட்டும் மேயவிட்டு, தினமும் கால்மணி கூட்டினால் போதும்.

ஆடியில் புல் தரையோடு தரையாகக் காய்ந்திருக்கும். குதிரைக்கு மேலும் கீழும் முன்பல் இருப்பதால் மாட்டைவிட ஒட்டக் கடிக்கும், செம்மண்ணும் சேர்ந்து உள்ளே போகும். வாரம் ஒருமுறை, தரையைத் தொடாத புதுச் சாணத்தில் அஞ்சாறு உருண்டையை வாளித் தண்ணியில் கரைத்துக் கால்மணி கழித்து மெல்லச் சாய்த்து ஊற்றுங்க. அடியில் ஒரு ஸ்பூன் மண் தங்கினால் மேய்ச்சலைக் குறைத்துத் தட்டைக் கூட்டணும்.

இத்தனையும் கடந்து மூணு மாசம் ஆனால் குதிரை பழகிவிட்டது என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நம்ம பக்கம் நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில். ஒரு மழைக்கே காடு பச்சை கட்டிவிடும். இடம் பழையதுதான், ஆனால் குடலுக்கு அது புது மேய்ச்சல். மறுபடியும் அரை மணியில் இருந்து தொடங்கணும். சாணம் இளகினால் நேரத்தைப் பாதியாக்குங்க. குளம்புச் சூடு, குளம்புக்கு மேலே பின்பக்கம் விரல் வைத்தால் தெரியும் துடிப்பு, ரெண்டும் தினமும் பாருங்க. துடிப்பு விரலை உதைக்கிற மாதிரி இருந்து, குதிரை முன்காலை நீட்டி உடம்பைப் பின்னால் சாய்த்து நின்றால் அது குளம்பு வீக்கம். அன்றைக்கே டாக்டர் வரணும்.

அடுத்தது, நம்ம ஊரில் அதிகம் பேசப்படாத சங்கதி. கொழுக்கட்டைப் புல்லிலும் கம்பு நேப்பியர் தீவனப் புல்லிலும் ஆக்சாலிக் அமிலம் உண்டு. மாட்டின் முன்வயிறு அதைப் பெருமளவு சிதைத்துவிடும். குதிரைக்கு அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு சாணத்தோடு போய்விடும். உடம்பு எலும்பில் இருந்து எடுத்து ஈடுகட்டும். மாசக்கணக்கில் இது மட்டுமே தின்றால் நடை விறைக்கும், கால் மாறி மாறி நொண்டும், கண்ணுக்குக் கீழே முகம் ரெண்டு பக்கமும் புடைக்கும். கூடவே தவிடு போட்டால் அதிலுள்ள பாஸ்பரஸ் இன்னும் கெடுக்கும். சத்தான தீவனம் என்று அள்ளிப் போடுவதும் அதைத்தான். தவிட்டை நிறுத்தி, தினம் ஒரு கிலோ காய்ந்த குதிரை மசால் கொடுங்க. சுண்ணாம்புச் சத்து நிறைந்த தீவனம், பேரிலேயே குதிரை இருக்கிறது. தாது உப்பின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்க.

பச்சைச் சோளக் காட்டுக்குள் குதிரை போகவே கூடாது. பின்கால் தள்ளாடி, சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும் நோய் அதில் வரும். நன்றாகக் காய்ந்த தட்டு பரவாயில்லை. சவுண்டல் (சூபாபுல்) தழை தின்றால் பிடரிமயிரும் வால்மயிரும் கொட்டும். அரளித் தோட்டத்தில் வெட்டிப் போட்ட கிளைகள் இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவே போகும் வண்டிப்பாதையில்) கிடந்தால் உடனே பொறுக்குங்க, கொஞ்சம் இலையே கொன்றுவிடும். பல்லடம், உடுமலைப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: கோழித் தீவனத்தில் ரத்தக்கழிச்சலுக்காகச் சேர்க்கும் மோனென்சின், சாலினோமைசின் மருந்துகள் குதிரையின் இதயத்தசையை அழிக்கும். மிச்சத் தீவனம், அந்தச் சாக்கு, அந்த மம்மட்டி எதுவும் குதிரைத் தொட்டி பக்கம் வரக்கூடாது.

வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, காலால் தரையைப் பறிப்பது, மேலுதட்டைச் சுருட்டுவது, சாணம் போடாமல் இருப்பது எல்லாம் வயிற்றுவலி. தீவனத்தை எடுத்துவிட்டு டாக்டருக்குப் போன் போடுங்க. அதுவரை விலாவில் காதை வைத்துக் கேளுங்க. கடமுடா சத்தம் இல்லையென்றால் அதை அவரிடம் முதலில் சொல்லணும். உருளப் பார்த்தால் மெல்ல நடத்துங்க. மாட்டுக்கு ஊற்றுகிற மாதிரி மூங்கில் குழாயில் எண்ணெய் மட்டும் ஊற்றாதீங்க. குதிரைக்கு அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். எண்ணெய் தேவையென்றால் டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு நேராக இரைப்பையில் செலுத்துவார்.