பாலக்காட்டுக் கோட்டைக்கு எட்டிய அமெரிக்கப் போர்

கோவையிலிருந்து வாளையார் வழியாகப் பாலக்காட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கல்பாத்தியையோ மலம்புழா அணையையோ நினைத்தே கிளம்புவார்கள். நான் போனது நகரின் நடுவிலுள்ள கோட்டையைப் பார்க்க. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது தாலுகா கச்சேரியாக இருந்தது. கிளைச் சிறையும் இதற்குள் இயங்கியது. பணத்தையும் பத்திரங்களையும் கைதிகளையும் காக்க, அகழி சூழ்ந்த கருங்கல் மதிலைவிட வேறென்ன வேண்டும்? உள்ளே ஆஞ்சநேயர் சந்நிதியும் உண்டு. அன்று தமிழும் மலையாளமும் கலந்து பேசிக்கொண்டு வந்தவர்களில் பலர் அனுமாரைத் தேடி வந்தவர்களே தவிர, ஹைதர் அலியைத் தேடி அல்லர்.

கொங்கு நாட்டிலிருந்து மலபாருக்குப் படை செல்லும் கணவாயைக் கைக்குள் வைத்திருக்க 1766-ல் ஹைதர் இதைக் கட்டினார். பிறகு நடந்தவற்றை மைசூருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் இடையிலான சண்டை என்று மட்டும் சொல்வது எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனை எதிர்த்து நடத்திய போரில் 1778-ல் பிரான்ஸ் இறங்கியதால்தான், கம்பெனி இங்கிருந்த பிரெஞ்சுத் துறைமுகங்களைப் பறிக்கத் தொடங்கி, ஹைதரின் எச்சரிக்கையையும் மீறி, அவருக்குப் போர்த் தளவாடங்கள் வந்திறங்கிய மாஹேயை 1779-ல் பிடித்தது. மறு ஆண்டே அவர் ஆற்காட்டுச் சீமைக்குள் படையுடன் இறங்கியதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

1782-ல் மலபார்க் கரையிலிருந்து கர்னல் ஹம்பர்ஸ்டன் இந்தக் கோட்டை வரை வந்து, பிடிக்க முடியாமல் பொன்னானிக்குப் பின்வாங்கினார். அவரைத் துரத்திச் சென்ற திப்பு, தந்தை ஹைதர் டிசம்பர் 7 அன்று இன்றைய ஆந்திரத்திலுள்ள சித்தூர் அருகே இறந்த செய்தி கிடைத்ததும் கிழக்கே திரும்பினார். அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்ட செய்தி வந்து, மங்களூர் முற்றுகையில் திப்புவுடன் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் போரிலிருந்து விலகிக்கொண்டார்கள். நவம்பரில் கர்னல் ஃபுல்லர்ட்டன் ஆனைமலைக் காடுகளின் வழியே, மழையில் பீரங்கிகளை இழுத்துவந்து கோட்டையைப் பிடித்தார். கிழக்கு மதிலருகே நின்று மலைகளைப் பார்த்தபோது, முற்றுகையைவிட அந்த நடைதான் பெரிய காரியம் என்று பட்டது.

அந்த வெற்றியும் நிலைக்கவில்லை. 1790-ல் கர்னல் ஸ்டூவர்ட் மறுபடியும் பிடிக்க வேண்டியிருந்தது. 1792 உடன்படிக்கையில் மலபார் கம்பெனியின் கைக்குப் போய், முதலில் பம்பாயின் கீழும் 1800 முதல் சென்னையின் கீழும் வந்தது. 1956 வரை பாலக்காட்டுத் தாலுகாவுக்கு மேலிடம் சென்னையாகவே இருந்தது.