கட்டிலுக்கு நாலு செங்கல்

கடைசி பெஞ்ச் பையன் நோட்டின் பின்பக்கத்தில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தான். நாலு கோடு, குறுக்கே ஒன்று. என்னடா இது என்றால் பக்கத்தில் இருந்தவன் போட்டுக்கொடுத்தான்: "மிஸ், நீங்க கனைக்கிறதை எண்றான்." ஒரே பீரியடில் 37.

பெரம்பூரில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். சாக்பீஸ் தூசி என்றுதான் நினைத்திருந்தேன். தொண்டையில் சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். விழுங்கினாலும் போகாது, கனைத்தாலும் வராது. மூன்றாவது பீரியடில் குரல் கம்மிவிடும். கைவைத்தியத்துக்குக் குறைவில்லை. காலையில் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும், வகுப்பில் புதினா மிட்டாய், படுக்கப் போகும்முன் அத்தை கையால் ஒரு டம்ளர் மிளகு ரசம்.

இரண்டு மாதம் இப்படி ஓட்டிவிட்டு ஈஎன்டி டாக்டரிடம் போனேன். மூக்கில் மரத்துப்போகும் ஸ்பிரே அடித்து, மெல்லிய கேமராக் குழாயை உள்ளே விட்டு "ஈ" சொல்லச் சொன்னார். குரல்வளையின் பின்பக்கம் சிவந்து வீங்கியிருந்தது. "ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?" டியூஷன் முடிந்து பத்தேகால், பதினொன்றுக்குப் படுக்கை.

எதுக்களிப்பாம், அதாவது இரைப்பை அமிலம் மேலே ஏறி வருவது. நெஞ்செரிச்சலே கிடையாதே என்றேன். தொண்டைக்கு வரும் வகையில் பலருக்கு அது இருக்காதாம். உணவுக்குழாய் தாங்குகிற அளவு அமிலத்தைக் குரல்வளை தாங்காது. கூடவே புரதத்தைச் செரிக்கவைக்கும் பெப்சின் என்ற நொதியும் ஏறி வந்து தொண்டையில் தங்கிவிடும். புளிப்பு பட்டால் மறுபடி வேலையை ஆரம்பிக்கும். அதாவது என் எலுமிச்சை வெந்நீர் தினமும் அதை எழுப்பி உட்காரவைத்திருக்கிறது! புதினாவோ இரைப்பையின் மேல்வாயைத் தளர்த்தக்கூடியது.

அமிலத்தைக் குறைக்க அவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை டிஃபனுக்கு அரை மணி முன்னால், வெறும் வயிற்றில் போட வேண்டும். முதல் பத்து நாள் இட்லிக்குப் பிறகு போட்டு வீணாக்கினேன்.

கஷ்டமானது சாப்பாட்டு நேரம்தான். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடிக்கச் சொன்னார். இப்போது இரண்டு டியூஷன் பேட்ச்சுக்கு நடுவே, ஏழரைக்கு, சமையலறையில் நின்றபடியே மூன்று இட்லி. பத்து மணிக்குப் பசிக்கும். பசிக்கட்டும். இரண்டாவது டம்ளர் காபியை விட்டதுதான் இன்னும் ஆறவில்லை.

தலையணையை அடுக்கிப் பார்த்தேன். இடுப்பு மடங்கி வயிறுதான் அழுந்தியது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு இரண்டிரண்டாகச் செங்கல் வைத்தோம், ஆறு அங்குலம் உயர்ந்தது. "விடியறப்போ கால்மாட்டுல கிடக்கேன்" என்று வீட்டுக்காரர் புலம்பல். கனைப்பு வந்தால் அடக்கி ஒரு மடக்கு தண்ணீர். கனைக்கக் கனைக்கப் புண் ஆறாது.

குரல் தேற இரண்டு மாதம் பிடித்தது. மூன்று, நாலு வாரமாகக் குரல் கம்மியே இருந்தாலோ, விழுங்கச் சிரமம், ரத்தம், எடை குறைவு என்று எதுவும் இருந்தாலோ என்னைப்போல் கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள்.

அத்தை இன்னமும் ராத்திரி ரசத்தோடு வந்து நிற்கிறார். வாங்கி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மறுநாள் மதியம் சோற்றில் ஊற்றிக்கொள்கிறேன்.