ஃபுன்ஷாலிலிருந்து ஃப்ளோரிடா வரை: ஏழு கடல் நாட்கள்

ஏப்ரல் 21
நண்பகலில் 32° வடக்கு, 24° மேற்கு

மதெய்ராத் தீவின் ஃபுன்ஷால் துறைமுகத்தை விட்டது நேற்று மாலை. ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் வரை ஏறத்தாழ 3,300 கடல் மைல். மணிக்கு 18 கடல் மைல் வேகத்தில் போனால் ஏழு முழு நாளும் தண்ணீர்தான். நாலு மாத உலகச் சுற்றில் மிச்சமிருப்பது இவ்வளவே.

இரண்டு ஊருக்கும் இப்போது 5 மணி நேர வித்தியாசம். அதனால் ஏழில் ஐந்து இரவு கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவார்கள். கையில் ஐந்து 25 மணி நேர நாட்கள். கைபேசியின் தானியங்கி நேரத்தை இன்றே அணைத்துவிடவும். கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொண்டு அது வேறெந்த ஊர் நேரத்தையாவது காட்டும். இந்த வாரத்துக்கு முள் கடிகாரம்தான் நம்பகமானது. இன்சுலின், வலிப்பு மாத்திரை என்று மணி பார்த்துப் போடுபவர்கள் நேரத்தை எப்படி நகர்த்துவது என்று கப்பல் மருத்துவரிடம் முதல் மாற்றத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கப்பலோட்டும் அதிகாரிகளுக்கு இந்தக் கூடுதல் மணி ஓய்வல்ல, வேலை. ஒருவர் தலையிலேயே விழாமல், அடுத்தடுத்த மூன்று ஷிஃப்டுகள் ஆளுக்கு 20 நிமிடம் பங்கிட்டுக்கொள்வது பல கப்பல்களில் வழக்கம்.

ஏப்ரல் 22
31° வடக்கு, 32° மேற்கு

துணி துவைக்க நல்ல நாள் இன்றுதான். கடைசி மூன்று நாளில் லாண்டரி அறை சந்தைக்கடை ஆகிவிடும், சண்டைகூட வரும். காலை 7 மணிக்கு முன் போனால் மெஷின் காலியாகக் கிடைக்கும்.

கப்பலின் தண்ணீர், கடல்நீரைக் காய்ச்சியோ சவ்வு வழியே அழுத்தியோ எடுத்தது. சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு என்பதால் வீட்டில் போடும் சோப்புத்தூளில் பாதி போதும். முழு அளவும் போட்டால் நுரை அடங்காது, அலசல் பற்றாது, காய்ந்த சட்டை கழுத்தில் அரிக்கும். டிரம்மை முக்கால் பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். டிரையர் சூடாக ஓடியும் துணி ஈரமாகவே வருகிறதென்றால் முதலில் பஞ்சு வலையை இழுத்துப் பார்க்கவும். முன்னால் வந்தவர் விட்டுப்போன பஞ்சு மெத்தை போல் அடைத்திருக்கும். அந்தப் பஞ்சு தீப்பற்றவும் கூடும். கேபினில் இஸ்திரிப்பெட்டியைத் தடுப்பதும் தீக்குப் பயந்துதான். மெஷின் முடியும் நேரத்துக்கு அங்கே நிற்கவும். தாமதித்தால் நம் துணி மேசைமேல் குவிந்து கிடக்கும், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

ஏப்ரல் 23
30° வடக்கு, 41° மேற்கு

அடியில் நடு அட்லாண்டிக் மலைத்தொடர். 2000-ல் கண்டுபிடிக்கப்பட்ட ‘லாஸ்ட் சிட்டி’ வெந்நீர் ஊற்றுகள் இந்தப் பக்கம்தான். மேலே ஒன்றும் தெரியாது, நீலம் மட்டும்.

காற்று கிழக்கு வடகிழக்கிலிருந்து மணிக்கு 16 கடல் மைல். கப்பலும் ஏறக்குறைய அதே திசையில் ஓடுவதால் டெக்கில் படும் காற்று அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இதில் இரண்டு தொல்லை. வியர்வை ஆறாமல் புழுங்கும். புகைபோக்கிப் புகை கலையாமல் மேலேயே நின்று பின்புற டெக்கில் கரித்தூளாக இறங்கும். வெள்ளைத் துணியில் அது விழுந்தால் தேய்க்கக் கூடாது, உதறவும். தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்காகி ஊறிவிடும்.

ஏப்ரல் 24
29° வடக்கு, 50° மேற்கு

மூட்டை கட்டும் வேலை. கப்பலில் பொதுவாக எடை வரம்பு கிடையாது. விமானத்தில் பெரும்பாலும் பெட்டிக்கு 23 கிலோ. நாலு மாதத்தில் வாங்கிச் சேர்த்தது இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொள்கிறது.

கையில் தூக்கிப் பிடிக்கும் தராசு ஆடும் கப்பலில் சரியாகக் காட்டாது. கப்பல் மேலெழும்பத் தொடங்கும்போது கூட்டிக் காட்டும், தாழத் தொடங்கும்போது குறைக்கும். முதலில் நிற்கும் எண்ணையே பூட்டிவிடும் டிஜிட்டல் தராசு இன்னும் மோசம். நடுக்கப்பலில், கீழ்த்தளத்தில், ஐந்தாறு தடவை தூக்கிப் பார்த்துச் சராசரி எடுக்கவும். 22 கிலோவோடு நிறுத்திக்கொண்டால் விமான நிலையத் தரையில் பெட்டியைப் பிரித்துப்போட வேண்டி வராது.

படுக்கை விரிப்பில் சக்கர அழுக்கு படாமல் இருக்கப் பெட்டிக்கடியில் போடும் விரிப்பைக் கேபின் பணியாளரிடம் கேட்டால் தருவார். புத்தகம் சக்கரப் பக்கம். பாட்டில் நடுவில், இரண்டு உறைக்குள். பழைய விமான டேக் ஒன்றுகூடப் பெட்டியில் மிஞ்சக் கூடாது.

ஏப்ரல் 25
28° வடக்கு, 58° மேற்கு

சர்காசோ கடல். காற்றின் போக்கிலேயே மஞ்சள் பாசி வரிவரியாக மிதக்கிறது. பஃபேயில் கீரையும் பெர்ரியும் குறைந்து முட்டைக்கோசும் ஆப்பிளும் கூடியிருக்கும். சரக்கு ஏற்றி ஐந்து நாளானால் அப்படித்தான்.

ஏப்ரல் 26
27° வடக்கு, 67° மேற்கு

கணக்கு பார்க்கும் நாள். இதுவரையான பில்லை இன்றே அச்சடித்து வாங்கவும். நாளை இரவு வரவேற்பு மேசை முன் வரிசை மாடிப்படி வரை நீளும். தவறு எங்கே ஒளியும் என்று பார்த்தால்: மினிபார், பானத் திட்டத்துக்குள் அடங்கிய பானத்துக்கே தனி விலை, ரத்தான கரைச் சுற்றுலா. கப்பலுக்குள் செலவழிக்க நிறுவனம் கொடுத்த தொகையில் மிஞ்சுவது பெரும்பாலும் பணமாகத் திரும்பாது. டெபிட் கார்டு கொடுத்தவர்களுக்கு முன்கூட்டிப் பிடித்துவைத்த தொகை இறங்கிய பிறகும் சில நாள் விடுபடாமல் நிற்கும்.

மருத்துவமனைச் செலவும் இந்தப் பில்லிலேயே வரும், ஆனால் ஒற்றை வரியாக. காப்பீட்டுக்கு அது செல்லாது. சிகிச்சை விவரம், விலைப்பட்டியல், மருத்துவர் குறிப்பு எல்லாவற்றையும் இறங்குமுன் வாங்கிவிட வேண்டும்.

கைகழுவும் அறிவிப்புகள் இன்று அதிகமாகும். அமெரிக்கத் துறைமுகம் சேரும் கப்பலில் பயணிகளிலோ ஊழியர்களிலோ 3 சதவீதம் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி பொதுவாக அதை வெளியிடும். இதற்கு அடிக்கடி காரணமாகும் நோரோவைரஸுக்கு ஆல்கஹால் ஜெல் சரியான மருந்தல்ல. சோப்பும் தண்ணீரும் 20 விநாடியும்தான்.

ஏப்ரல் 27
26° வடக்கு, 75° மேற்கு

பெட்டிகள் இரவு அறிவித்த நேரத்துக்குள், அநேகமாக 10 அல்லது 11 மணிக்குள், கதவுக்கு வெளியே போக வேண்டும். டேக்கின் நிறமும் எண்ணும் தெரிய ஒவ்வொரு பெட்டியையும் படமெடுத்து வைக்கவும். டேக் கிழிந்தால் வேறு வரிசையில் போய் நிற்கும் பெட்டியைத் தேட அதுவே துணை. பாஸ்போர்ட், மாத்திரை, சார்ஜர், நாளைய உடை கையோடு. எல்லா உடையையும் வெளியே அனுப்பிவிட்டு, காலையில் இரவுடையோடு நிற்பவர் ஒருவராவது எல்லாக் கப்பலிலும் உண்டு.

பஃபே ஆப்பிளைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கக் கூடாது. பழம், இறைச்சி, விதை மோப்பம் பிடிக்கும் நாய் முனையத்தில் இருக்கலாம். 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் இருந்தால் எழுதிக்கொடுக்க வேண்டும்.

கடைசியாகப் பார்க்க வேண்டியவை: குளியலறைக் கதவின் பின்கொக்கி, கட்டிலடி, படுக்கையோர மின்செருகி, பாதுகாப்புப் பெட்டி. அதிகம் மறந்துபோவது பாதுகாப்புப் பெட்டியைத்தான். நாளை போடும் செருப்பில் ஒன்றைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து அதற்குள் வைத்துப் பூட்டிவிட்டால் போதும்.