செம்பாறை விளிம்பில் வெண்தொண்டை உழவாரன்

இறகு நுனிவரை கூர்மையான ஒரு படம் ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் சயான் தேசியப் பூங்காவில், கேன்யன் ஓவர்லுக் பாதை முடியும் பாறை விளிம்பில் எடுத்த அந்தப் படத்தில், வெண்தொண்டை உழவாரன் (White-throated Swift) என்னும் விரைந்து பறக்கும் சிறு பறவையின் தொண்டையும் வயிற்றின் நடுக்கோடும் விலாவின் வெண்திட்டும் தனித்தனியே தெரிகின்றன. காலை வெயில் நவஹோ மணற்பாறையில் பட்டுத் தெறித்து, பறவையின் அடிப்பக்கத்துக்கு ஒளியூட்டும் நேரம் இதற்கு உகந்தது. வானத்தை மட்டும் பின்னணியாக வைத்தால் பெரும்பாலும் கரிய நிழலுருவமே மிஞ்சுகிறது.

ஷட்டர் வேகம் 1/4000 நொடி என்பதெல்லாம் எளிய பகுதி. பறவை பாறைச் சுவரைக் கடக்கும் கணத்தில் ஆட்டோஃபோகஸ் அதை விட்டுவிட்டுச் சுவரின் வரிகளைப் பற்றிக்கொள்வதுதான் தீராத தொல்லை. ஃபோகஸ் தேடும் தூர வரம்பைக் குறுக்கும், லென்ஸில் உள்ள ஃபோகஸ் எல்லை விசை இங்கே உதவாது; ஏனெனில் பறவையும் சுவரும் விசையின் கணக்கில் ஒரே 'தூரம்'தான். ஆகவே, பறவைகள் திரும்பத் திரும்ப நுழையும் வெடிப்பு ஒன்றைத் தேர்ந்து, அதன் உதட்டில் ஃபோகஸைப் பூட்டிவிட்டுக் காத்திருந்தேன். 400 மி.மீ. லென்ஸில், முழுச்சட்டக் கேமராவில், 40 மீட்டர் தூரத்துக்கு லென்ஸ் துளையை எஃப் 8 (f/8) அளவில் வைத்தால் ஏறத்தாழ ஐந்து மீட்டர் ஆழம் கூர்மையாக இருக்கும். வெடிப்பை நோக்கி வரும் பறவைக்கு அது போதும். சிறகு விரித்தாலும் அது சட்டத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குதான் என்பதால், வெட்டிப் பெரிதாக்குவதைத் தவிர்க்க முடியாது. மின்னணு ஷட்டர் சிறகைக் கோணலாக்குவதால் இயந்திர ஷட்டரையே பயன்படுத்தினேன். அதே வானில் திரியும் ஊதாப்பச்சைத் தகைவிலான்கள் (Violet-green Swallow) நினைவட்டையை நிரப்பியதைப் பற்றிப் புலம்பாமல் இருக்க முடியவில்லை.

உழவாரன் இணைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு சுழன்று விழும் காட்சி இன்னும் சிக்கவில்லை. அதற்குப் பூட்டிய ஃபோகஸ் உதவாது. இருந்தும் மனம் அதற்குள் கொலராடோவின் ஊரே (Ouray) நகருக்குத் தாவிவிட்டது. அங்குள்ள பாக்ஸ் கேன்யன் அருவியருகே கரு உழவாரன்கள் (Black Swift) என்னும் வேறோர் உழவாரன் இனம் கூடு கட்டி ஒற்றை முட்டையிடுகிறது. அந்தப் பறவைகளுள் சில குளிர்காலத்தை மேற்குப் பிரேசிலில் கழிப்பது 2012இல்தான் வெளியானது. அருவிச் சாரலுக்குத் தாங்கும் லென்ஸ் உறையை இப்போதே தேடுகிறேன். கடைகளில் சொல்லும் விலைக்குப் பழைய லென்ஸ் ஒன்றே வாங்கிவிடலாம் போலிருக்கிறது.