குங்கிலியம் தேடி வன்னிக் காட்டுக்குள்ள

போன மாசம் மாங்குளத்தில இருந்து ஏ34 ரோட்டால முல்லைத்தீவுக்கு பைக்கில போனனான், ரெண்டு பக்கமும் பாலையும் வீரையும் முதிரையுமா நிக்குது, இவ்வளவு காடு இருந்தா கோயில்ல போடுற குங்கிலியமும் இதுக்குள்ளதான் எங்கையோ வடியுமெண்டு எனக்கொரு நினைப்பு. ஒட்டுசுட்டான்ல தேத்தண்ணி குடிக்கேக்க கடைக்கார அம்மாட்டக் கேட்டன். "இங்க எங்க தம்பி, அது கடைச் சாமான்" எண்டு சிரிச்சவ.

சரிதானே, வன்னி வறண்ட காடு. குங்கிலியம் வடியிற மரங்கள் பல மழைக்காட்டு மரங்கள். மேற்குத்தொடர்ச்சி மலையில வெள்ளைக் குங்கிலியத்துக்கு ஒரு மரம், கருங்குங்கிலியத்துக்கு வேறொண்டு. எங்கட நாட்டிலயும் தெற்கு ஈரவலயக் காட்டில அந்த வெள்ளைக் குங்கிலிய மரத்தின்ர இனத்தில ஹல் எண்டொரு மரம் இருக்கு (அதின்ர பட்டையைத்தான் அங்க கித்துள் எண்ட பனைச்சாதி மரத்தின்ர பதநீர் புளிக்காம முட்டிக்குள்ள போடுறவை, நாங்கள் பனைக்குச் சுண்ணாம்பு தடவுற மாதிரி).

எங்கட பக்கம் கிடைக்கிறது விளாம்பிசின். சின்னனில பட்டம் ஒட்டினது அதாலதான், தண்ணியில ஊறவிட்டாக் காணும். குங்கிலியம் தண்ணிக்கு மசியாது, எண்ணெயிலதான் உருகும். இதை முல்லைத்தீவுக் கரையில ஒரு வயசுபோன ஐயா சொல்லேக்கதான் எனக்கு வடிவா விளங்கினது. மரவள்ளம் ஓட்டின ஆள். குங்கிலியத்தை இடிச்சு எண்ணெயோட காய்ச்சி, ஆறமுதல் பலகை இடுக்குக்குள்ள விட்டு அடைக்கிறதாம். "எண்ணெய் குறைஞ்சா வெடிக்கும், கூடினா வெயிலுக்கு இளகும், கைப்பக்குவம் தம்பி."

இப்ப எல்லாம் பைபர் போட். பக்கத்தில ஒரு பெடியன் ஓட்டை ஒட்டிக்கொண்டு நிண்டான், என்ன பூசுறாய் எண்டு கேட்டா "ரெசின்" எண்டான். தகரத்தில வாற சாமான், மூக்கைப் பிடிச்சுக்கொண்டுதான் நிக்கவேணும். ஐயா சொன்னார், "அதுவும் அடைக்கும்தான், ஆனா சாமிக்குப் போடேலாது."

வட்டாப்பளை அம்மனைக் கும்பிட்டுட்டு வரேக்க ஒரு கடையில நூறு கிராம் வாங்கினன். விலையைக் கேட்டாப்பிறகு, நெல்லு வாங்க மனுசி குடுத்த தாலியைக் குங்கிலியக்கலய நாயனார் குங்கிலியத்துக்கே குடுத்தது எனக்குப் பெரிய அதிசயமாத் தெரியேல்ல.

வீட்டை கொண்டுவந்தா அம்மா பாதியை எடுத்து இடிச்சு, நல்லெண்ணெயில காய்ச்சி, குதிக்கால் வெடிப்புக்குள்ள பூசிப்போட்டா. மிச்சம்தான் சாமிக்கு.