டெல்டா பி

தஞ்சாவூர்க்காரி எனக்கு டெல்டா என்றால் வயலும் வாய்க்காலும்தான். இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையை உடம்புக்கு வெளியே இருந்து செய்யும் மிஷின் எக்மோ. அந்த வேலைக்கு வந்தபிறகு இன்னொரு டெல்டாவும் சேர்ந்துகொண்டது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏற்றும் ஆக்ஸிஜனேட்டருக்குள் ரத்தம் நுழையும்போது உள்ள அழுத்தத்துக்கும் வெளியேறும்போது உள்ள அழுத்தத்துக்கும் இடையிலான வித்தியாசம், டெல்டா பி. ஓட்டம் மாறாமல் இது மட்டும் ஏறினால் உள்ளே ரத்தம் உறைகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

வைரஸ் காய்ச்சலில் இதயத்தசை கெட்டுப்போய் வந்த இளைஞர் அவர். நான்காம் நாள் சாயங்காலம் மூக்கில் ரத்தம். தட்டணுக்கள் 90,000 இருந்தன; அதற்கு இவ்வளவு கொட்டக்கூடாது. ஆனால் எக்மோவில் எண்ணிக்கையை நம்பி உட்கார முடியாது. பம்பின் வேகத்தில் வான் வில்லிபிராண்ட் புரதத்தின் நீள இழைகள் அறுந்துபோகும். தட்டணு ஒட்டப் பிடிமானம் இருக்காது. முதல் நாளிலேயே இது ஆரம்பித்துவிடும். மூக்கில் பஞ்சு திணித்தார்கள். ஹெப்பாரினை நிறுத்தினோம்.

அவருடைய அப்பா திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி.

“ஏம்மா, அந்த மருந்து ஒறையாம இருக்கத்தானே? நிறுத்திட்டா?”

“மிஷின்ல ஒறையலாம் ஐயா. பாத்துக்கிட்டேதான் இருக்கோம்.”

“அப்ப அடைப்பெடுத்தா ஒடைப்பு, ஒடைப்பக் கட்டுனா அடைப்பு.”

சரியாகத்தான் சொன்னார். ஆனால் வாய்க்காலில் உடைப்பைக் கட்ட நாலு பேர், அடைப்பெடுக்க நாலு பேர் என்று அனுப்பலாம். இங்கே இரண்டுக்கும் ஒரே ரத்தம்.

பார்த்துக்கொண்டே இருக்கிறோம் என்றேனே, அது முழு உண்மையில்லை. மணிக்கொரு தரம் டார்ச் அடித்து ஆக்ஸிஜனேட்டரின் சவ்வை, மெம்பிரேனைப் பார்க்க வேண்டும். அன்று ராத்திரி எல்லார் கண்ணும் மூக்கில்தான். நான் இரண்டு தரம் விட்டுவிட்டேன். ஒழுகும் ரத்தம் ஆளைக் கூப்பிடும், உறையும் ரத்தம் சத்தம் போடாது. இரண்டு மணிக்கு நிமிர்ந்து பார்த்தால், 25-ல் இருந்த டெல்டா பி 70. டார்ச் வெளிச்சத்தில் மெம்பிரேனின் ஓரம் முழுக்க மச்சம் மச்சமாகக் கறுப்பு. மூத்திரப் பை வரக்காப்பி நிறத்தில். லேபில் சுழற்றிய குழாயில் மேலே வைக்கோல் நிறத்தில் நிற்க வேண்டிய நீர் ரோஸாக நின்றது, சிவப்பணுக்கள் உடைகின்றன.

நாலு மணிக்கு சர்க்யூட்டை, குழாய்களும் ஆக்ஸிஜனேட்டருமாக, மாற்றினோம். கிளாம்ப், வெட்டு, இணைப்பு, குமிழி இருக்கிறதா என்று ஒரு பார்வை, கிளாம்பை எடு. பம்ப் நின்ற அந்த நேரம் முழுக்க மானிட்டரில் அவருடைய இதயம் தனியாகத் தத்தளித்தது.

விடிந்ததும் பழைய ஆக்ஸிஜனேட்டரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு மூலையில் ஈரல் துண்டு போல ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியே பெரியவர் பிளாஸ்கோடு நின்றார். “மூக்கு நின்னுச்சாம்மா?” என்றார்.

“நின்னுருச்சு ஐயா” என்றேன். மெம்பிரேனைப் பற்றி அவர் கேட்கவில்லை.