தவுக்கே சாப்பிட்டாரா?

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டைப் பற்றிச் சிறப்பு மலருக்கு எழுதுபவர்கள் ஒன்று 1948 ஜூன் 16-இல் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டதில் ஆரம்பிப்பார்கள், இல்லையென்றால் அரசியல் தலைவர் துன் சம்பந்தனில். நான் ஒரு கித்தாக்கொட்டையில், அதாவது ரப்பர் விதையில், ஆரம்பிக்கிறேன்.

கொட்டையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, சூடேறியதும் பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்து அழுத்துவோம். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் செய்ததுதான். என் சிநேகிதன் ஒருவன் மட்டும் முதலில் தன் கையில் வைத்துப் பார்ப்பான். "ரொம்பச் சூடுடா, கொஞ்சம் ஆறட்டும்" என்பான். ஆறிய பிறகு வைத்தால் அதில் என்ன விளையாட்டு?

பெயரைப் போடவில்லை. அவன் தங்கையிடம் கேட்டேன். "எழுதுங்கண்ணே, பேரு மட்டும் வேணாம்" என்றாள். 1979-இல் ரிமூவ் வகுப்பில் எங்களோடு இருந்தவர்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தோம் என்பதற்காக ஒரு வருஷம் கூடுதலாக உட்கார வைத்தார்களே, அந்த வகுப்பு. தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து லாரியில் வருவோம். வெயில் ஏறினால் சட்டையில் ரப்பர் ஒட்டுப்பால் நாற்றம் கிளம்பும். டவுன் பையன்கள் மூக்கைப் பிடித்தால் நான் ஒதுங்கிவிடுவேன். அவன் வேண்டுமென்றே இன்னும் ஒட்டிப் போய் நிற்பான்.

1991-இல் நான் மெல்பர்னுக்குக் கிளம்பும் முன், ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வைத்துச் சொன்னான். "அம்மா பொண்ணு பாக்குறாங்க. எனக்கு ஆம்பளைங்க மேலதான்டா மனசு போகுது. அந்தப் பேச்சை விடச் சொல்லி நீ அம்மாகிட்ட சொல்றியா?" சின்ன வயசிலிருந்து கூடவே இருந்தவன். அவனுக்கு நான் சொன்ன பதில், "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்டா." ஒன்றும் பேசாமல் இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போனான். காசையும் அவனே கொடுத்தான். அடுத்த மூன்று தீபாவளிக்கும் வாழ்த்து அட்டை வந்தது, கையெழுத்து மட்டும். நான்காம் வருஷம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதிலில் பழையபடி திட்டியிருந்தான், அப்பாடா என்றிருந்தது.

அதற்குள் அவனுக்கு ஒருவர் அமைந்துவிட்டார். ஈப்போச் சீனர், சின்னதாகக் கார் பட்டறை வைத்திருந்தார். கடைசி வரை இருவருக்கும் ஒரே வீடுதான். பால் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்த அவன் அம்மா அவரைத் தவுக்கே, அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிடுவார். எதையும் கேட்கவில்லை. பெண் பார்ப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார். போன் செய்தால் "தவுக்கே சாப்பிட்டாரா?" என்பதுதான் முதல் கேள்வி, மகன் சாப்பிட்டானா என்பது அப்புறம். இதில் அவனுக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

2017-இல் ஒரே பாலினத்தவர் திருமணம் பற்றி ஆஸ்திரேலியாவில் அஞ்சலில் கருத்துக் கேட்டார்கள். 'ஆம்' என்று குறியிட்டுப் படமெடுத்து அனுப்பினேன். "ஸ்டாம்பு ஒட்ட மறந்துடாதடா" என்று பதில். அந்த உறைக்கு ஸ்டாம்பே தேவையில்லை. அடுத்த வருஷம் செப்டம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரே பாலின உறவு குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்ன அன்று அவனே கூப்பிட்டான். மலேசியாவில் அதைக் குற்றமாக்கும் 377-ஆம் பிரிவு அப்படியேதான் இருக்கிறது, 20 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. "வெள்ளைக்காரன் கித்தாவையும் நட்டான், 377-ஐயும் நட்டான். கித்தாவை வெட்டிட்டுச் செம்பனை போட்டுட்டோம். இது மட்டும் காய்ச்சுக்கிட்டே இருக்கு" என்றான்.

போன மார்ச்சில் போய்விட்டான். ஊரில் "அந்த வியாதி" என்று கிசுகிசுத்தார்கள். அதுவாகவே இருந்திருந்தால்தான் என்ன? ஆனால் அது இல்லை. இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. நாலு வருஷம் டயாலிசிஸ், வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். தவுக்கே பட்டறையைச் சாத்திவிட்டுக் கூட்டிப்போய் வெளியே காத்திருப்பார். பாரத்தில் 'ஹுபுங்கான்' (உறவு) என்ற இடத்தில் 'கவான்' (நண்பர்) என்று அவர் எழுதியதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன்.

மரண அறிவிப்பில் அம்மா, தங்கை, மைத்துனர், மருமக்கள் என்று வரிசையாகப் போட்டு, கடைசியில் 'மற்றும் நண்பர்கள்' என்றிருந்தது. பந்தலில் ஒரு பெரியவர் என்னிடம் "பாவம், தனிக்கட்டையாவே போயிட்டான்" என்றார். அதைக் கேட்டதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தவுக்கே பந்தலுக்கு வெளியே, கார்கள் பக்கம் நின்றார். வாய்க்கரிசி போடும் நேரத்தில் அம்மா தலையைத் தூக்கி, "தவுக்கே எங்க?" என்றார். தங்கை போய் அழைத்து வந்தாள். எத்தனை தடவை, எப்படிப் போடுவது என்று தெரியாமல் அரிசியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றவரின் மணிக்கட்டைப் பிடித்து அவளே கொண்டுபோனாள். மூன்று முறை. நாலைந்து அரிசி அவர் சட்டைக் கைமடிப்பில் சிக்கிக்கொண்டது. சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்தபோதும் அங்கேயே இருந்தது.

போன சனிக்கிழமை அம்மாவைக் கூப்பிட்டேன். இப்படி ஒன்று எழுதுகிறேன் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"அப்புறம் பேசுறியாய்யா? தவுக்கே மீன் வாங்கிட்டு வந்திருக்காரு. இன்னும் உலை வைக்கல."